பிறிட்ஜுக்கு மேலே ஒரு துவக்கு

பிறிட்ஜ் மறுபடியும் நடுங்கியது. அதன் தலையில் கிடந்த றிவோல்வர் ஒரு விரற்கடை முன்னுக்கு வந்தது. மாக்ரெட் மீன் வெட்டுவதை விட்டுவிட்டு எழுந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

துவக்கு கான்ஸ்டபிள் இஸ்ஸதீனுடையது. மாக்ரெட்டின் கணவர் சவுந்தரநாயகம் ஓய்வுபெற்ற நீதவான். சும்மா இருக்க மாட்டாமல் ஏதோ ஒரு விசாரணைக் குழுவில் போய் உட்கார்ந்தார். பாதுகாப்புக்கென்று அவர்களுடைய கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இஸ்ஸதீன் வந்து சேர்ந்தார். தங்கமான மனிதர். ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் துவக்கைக் கழற்றி, பத்திரமான இடம் என்று பிறிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டுத்தான் கைகால் கழுவப் போவார். பிறிட்ஜோ மாக்ரெட்டின் சீதனம். மோட்டார் ஓடத் தொடங்கினால் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் ஆடும்.

வந்த புதிதிலேயே அவள் கேட்டுவிட்டாள். "இது கீழ விழுந்தா வெடிக்குமோ?"

இஸ்ஸதீனுக்குப் பொய் வராது. "புதுசெண்டா பயமில்ல மேடம். உள்ளுக்கு ஒரு தடை ஈக்கிது, விசைய இழுத்தாத்தான் வெலகும். மாடியிலேந்து போட்டாலும் வெடிக்காது. இது வெள்ளக்காரன் காலத்துச் சாமான். சுத்தியல் நேரா ரவைட முதுகுலதான் குந்தும். அது அடிபட விழுந்தா வெடிதான். எங்கட ஸ்டேசன் கூரையில ஒரு ஓட்டை ஈக்கிது, இதுட வேலைதான்."

சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தொழப் போனார். மாக்ரெட்டின் நிம்மதி அன்றோடு போனது.

மேல் அறையில் அவளுடைய தம்பி றேமண்ட் இருந்தான். மன்னாரிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்தவன். தமிழர் வீட்டில் வெடிச்சத்தம் கேட்டால், யார் துவக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிற காலமா அது? ஆமிக்காரர் வந்து லேனைச் சுற்றி வளைப்பார்கள். முதலில் ஜீப்பில் ஏற்றுவது மன்னார்க்காரனைத்தான். ஏற்கெனவே ஒரு தடவை பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்தவன் கனநாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை அவன் தாங்கமாட்டான், அவளும் தாங்கமாட்டாள்.

கணவரிடம் சொல்லலாம். அவர் உடனே மேலிடத்துக்கு முறையிடுவார். இஸ்ஸதீனை மாற்றிவிட்டு, றேமண்டை முறைத்துப் பார்க்கும் யாரையாவது அனுப்புவார்கள். எனவே அவள் ஹோலில் இருந்த அந்தோனியார் சொரூபத்தின் காலடியில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, தானே காரியத்தில் இறங்கினாள்.

முதலில் துவக்கை அலுமாரியில் வைக்கச் சொன்னாள். சவுந்தரநாயகம் வழக்கம்போல அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கென்று இன்ஸ்பெக்டர் பார்க்க வர, இஸ்ஸதீன் வெறும் இடுப்போடு சலூட் அடித்து ஏச்சு வாங்கினார். துவக்கு பிறிட்ஜுக்குத் திரும்பியது. மெழுகுதிரி இரண்டானது.

அடுத்து, பிறிட்ஜைச் சுற்றித் தலையணைகளைப் பரப்பினாள். தண்ணீர் குடிக்க வந்த நீதவான் தடுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். மெழுகுதிரி மூன்று.

பிறகு சூடு ஆறாமலிருக்கத் தேத்தண்ணிப் போச்சிக்குத் தைப்பதுபோலத் துவக்குக்குப் பஞ்சு வைத்து ஓர் உறை தைத்தாள். பளபளவென்ற நல்ல சற்றின் துணி. சற்றின் வழுக்கும் என்பது தைத்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. விரற்கடையாக நகர்ந்த துவக்கு இப்போது சாணாக நகர்ந்தது.

கடைசியில், இஸ்ஸதீன் தொழும் நேரங்களில் பிறிட்ஜின் சுவிட்சை நிறுத்தத் தொடங்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பப் போட மறந்துவிட்டாள். பின்னேரம் மீன் நாறியது. பதறிப்போய்ச் சுவிட்சைத் தட்டினாள். இஸ்ஸதீன் மறுபடி தொழப் போயிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பிறிட்ஜ் துள்ளியது. துவக்கு உறையைவிட்டு வழுக்கி, சுத்தியல் கீழே பார்க்க, சீமெந்துத் தரையில் விழுந்தது.

'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

றேமண்ட் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன விழுந்தது என்று கேட்டான். சட்டி என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தம்பி முழுதாக நிற்கிறான். உலகத்தில் வேறென்ன வேண்டும்? அவனையும் கூட்டிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஓடினாள். முழங்காலில் நின்று நன்றி சொல்லி, வாசலில் இருந்த ஏழைகளுக்குப் பசியாறப் பாண் கொடுத்து, கைத்தடிப் பருமனில் மெழுகுதிரிகள் வாங்கி வந்து, வீட்டுச் சொரூபத்தைச் சுற்றி நெருக்கமாக ஏற்றினாள்.

ஹோலே சூடேறிவிட்டது. இஸ்ஸதீன் உள்ளே வந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

"அந்தோனியார் காப்பாற்றிப்போட்டார், இஸ்ஸதீன்."

அவர் பாய்ந்துபோய் நேர்த்தி மெழுகுதிரிகளை ஊதி ஊதி அணைத்தார். சொரூபத்தைப் பக்குவமாகத் தூக்கி, அடியில் இருந்த பொந்துக்குள் விரலை விட்டார். துவக்கின் பித்தளை ரவைகள் அவர் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக விழுந்தன.

"பிறிட்ஜ் ஆடுறதக் கண்டுட்டு, வந்த அண்டே ரவையெல்லாம் இவர்ட்டத்தான் பாரங்குடுத்தேன் மேடம். இவரு ஒங்களக் காப்பாத்தினாரு. நீங்கதான் நாள் தவறாம இவர்ட காலுக்கு நெருப்பு வெச்சீங்க."