கவலைக்குப் போட்ட தார்ப்பாய்

மனக்கவலைக்கு மருந்து இருபத்து நாலுக்குப் பதினெட்டு அடி அளவில், நான்கு ஓரமும் கயிறு கோக்கப் பித்தளைக் கண் வைத்துக் கிடைக்கும் என்று நம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் நாமக்கல்லில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் தார்ப்பாய் மாமா.

லாரிகளின் கிழிந்த தார்ப்பாய்க்கு ஒட்டுப் போட்டுத் தைப்பது அவர் தொழில். அதற்கு முன் இருபது வருடம் லாரியிலேயே போய், லோடை மூடிக் கயிறு கட்டியவர். அந்த அனுபவத்தில் அவருக்கு ஒரு கொள்கை பிறந்திருந்தது.

"லோடைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே ஓட்டுனா வண்டி ஊடு வந்து சேருமுங்களா? மூடு, கட்டு, முன்னால பாத்துப் போயிட்டே இரு. ஊடும் அப்படித்தானுங்க. கண்ணுல படாத சாமான் மனசுலயும் படாது."

கொள்கை முதலில் அவர் வீட்டில்தான் அமலுக்கு வந்தது. இருந்தது இரண்டு அறை. அதற்குள் மூன்று தார்ப்பாய் மலைகள். அவர் மனைவி சரசு அத்தை வாசலில் நின்று என்னிடம் முறையிடுவார்.

"குக்கரு எந்த மலைக்கடியில கெடக்குதுன்னு உங்க மாமனைக் கேளு அம்மிணி. ஆடியில காணாமப் போனது, தீவாளி வந்துருச்சு."

உள்ளேயிருந்து மாமா குரல் வரும். "குக்கரு இருந்தா விசில் அடிக்கும். விசில் அடிச்சா உனக்குத் தலைவலி வரும். இத்தன நாள்ல தலைவலி வந்துச்சா?"

அத்தை யோசித்துப் பார்ப்பார். வரவில்லைதான்.

மூன்று வீடு தள்ளி ஒரு புதுமணத் தம்பதி குடிவந்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, பதினோரு எவர்சில்வர் குடம், இரண்டு வீட்டுச் சீரிலும் வந்த இரண்டு கிரைண்டர். பத்தாம் நாள் மாப்பிள்ளை கிரைண்டரில் கால் இடித்துக்கொண்டார். அது யார் வீட்டுக் கிரைண்டர் என்பதில் தொடங்கிய சண்டை தெருவுக்கு வந்தது. மாமா தார்ப்பாயோடு உள்ளே போனார். எல்லாவற்றையும் அறை நடுவில் குவித்து, மூடி, கட்டிவிட்டு வந்தார். சண்டை அன்றோடு நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? சண்டை போட ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டுமே! நடுவில் ஆறடி மலை.

அதில் ஒரு சின்னப் பிழை. மூன்றாம் நாள் அந்த மலை கொக்கரித்தது. காற்று என்றார் மாமா. நான்காம் நாள் சத்தமாகவே கொக்கரித்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கோழி, குடத்துக்குள் மூன்று முட்டையோடு உட்கார்ந்திருந்தது. கோழிக்காரம்மா கத்தினார். மாமா அசரவில்லை.

"பாத்தீங்களா? வெளிய இருந்தப்ப வாரத்துக்கு ஒண்ணு. நிம்மதி கெடச்சதும் நாளுக்கு ஒண்ணு!"

எங்கள் வீட்டில் பாத்திரம் குறைவு, காகிதம்தான் அதிகம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள். நான் பிறப்பதற்கு முன்பு அம்மா அடுப்புப் பற்றவைத்த ஒரு தாள், ரேஷன் கார்டு விஷயமாக வந்த கடிதமாக இருந்துவிட்டது. கார்டுக்காக மறுபடி ஆறு மாதம் அலைந்தார்கள். அன்றிலிருந்து எழுத்துள்ள எந்தத் தாளும் எங்கள் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. எது குப்பை என்று படித்துச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் எல்லாத் தாளும் முக்கியம். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு, துணிக்கடை நோட்டீஸ். போண்டா கட்டி வந்த தாளைக்கூட அம்மா எண்ணெய் ஒற்றி எடுத்து வைப்பார். நான் படிக்கத் தொடங்கிய பிறகும் அம்மா கை வைக்க விடவில்லை. "நீ பள்ளிக்கூடத்து எழுத்துப் படிக்கற. இது ஆபீஸ் எழுத்தா இருந்தா?"

நான் டிகிரி முடித்தேன். அரசு வேலைக்கான தேர்வும் எழுதித் தேறினேன். எங்கள் வம்சத்திலேயே முதல் ஆள் என்பதை இங்கே அடக்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேர்வுக்குப் படித்த இரண்டு வருடமும் புத்தகத்தைத் திறந்தால் எதிரே சுவர் உயரத்துக்குக் காகிதம் என்னை முறைக்கும். ஒரு தாளைத் தேடினால் நாற்பது தாள் சரியும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். குழம்பில் உப்பு குறைந்ததற்கு ஒரு நாள் நான் போட்ட கூச்சல் எதிர்வீட்டில் கேட்டுவிட்டது.

நான் நூலகம் போய்த் திரும்பியபோது சுவரோரம் பச்சை மலை ஒன்று நின்றது. "இனி உனக்குக் கோவமே வராது சாமி" என்றார் மாமா.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக வந்தது. முன்பு குப்பை கண்ணெதிரே இருந்தது. இப்போது தலைக்குள் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே!

தெரியாமல் போனது ஒன்று. தேர்வு முடிவு வந்து, சேலத்தில் நாளை மறுநாள் சான்றிதழ் சரிபார்ப்பு என்று செய்தி வந்ததும் என் ஃபைலைத் தேடினேன். காணவில்லை. "மேசை மேல இருந்ததையும் மாமன் சேத்துத்தான் மூடுனாரு" என்றார் அம்மா. என் பதினேழு வருடப் படிப்பு தார்ப்பாய்க்கு அடியில். மாமாவோ தம்மம்பட்டிக்குத் தார்ப்பாய் தைக்கப் போயிருந்தார். அவர் முடிச்சை அவிழ்க்க அவரால்தான் முடியும். போன் செய்தேன்.

"ஏனுங் மாமா, இந்த முடிச்ச எப்படி அவுக்கறது?"

"அவுக்காத அம்மிணி! முடிச்சு அவுந்தா மனசும் அவுந்துரும்! சாயங்காலம் வாரேன், இரு!"

நான் இருக்கவில்லை. அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தேன்.

"அடிப்பாவி, மாமன் கவுத்த அறுத்துப்புட்டியே!" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் ஃபைல் கிடைத்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இது?"

"ஆடித் தள்ளுபடிம்மா. அந்தக் கடையையே மூடிட்டாங்க."

"இது?"

"மூலத்துக்கு மருந்து."

அம்மா கையை உதறினார். "இதையா நான் சாமி படத்துக்குப் பின்னால வெச்சுக் கும்புட்டேன்?"

அப்பாவின் எக்ஸ்ரே சீட்டு, வீட்டுப் பட்டா நகல், என் மார்க் ஷீட்டுகள் என்று ஒரு பையளவு மிஞ்சியது. மற்ற ஒவ்வொன்றுக்கும் அம்மா கேட்டார்: "போட்டுரலாமா?" "போட்டுரும்மா" என்றேன். நான் படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அதுதான். சாயங்காலம் சுவர் தெரிந்தது. அம்மா அதில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மாமா வந்தார். அறுந்த கயிற்றைப் பார்த்தார். வெடிப்பார் என்று தெருவே காத்திருந்தது. அவரோ வெற்றுச் சுவரைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் தார்ப்பாய்த் துண்டில் கட்டிய சின்னப் பொட்டலம். உள்ளே பிரிக்காத ஓர் அரசாங்க உறை.

"கொல்லிமலை வளைவுல ஒருக்கா நான் கட்டுன கவுறு அவுந்து லோடு சரிஞ்சுது, சாமி. ஆருக்கும் அடியில்ல. ஆனா கேசு வரும்னாங்க. அப்பறம் இது வந்துச்சு. கேசுக் காயிதம்னு பயந்து லாரிக்குப் போறதையே உட்டுட்டேன். இதை ஆருகிட்டயும் காட்டல."

பிரித்துப் படித்தேன். "மாமா, கரண்டு மீட்டர் மாத்த வாராங்களாம். ஊட்ல ஆள் இருக்கச் சொல்லி எழுதியிருக்காங்க."

"எப்ப வாராங்களாம்?"

"ஆறு வருசத்துக்கு முன்னால."

மாமா சிரித்தார். கண்ணில் நீர் வழியும் வரை சிரித்தார். மறுநாள் காலை எதிர்வீட்டில் குக்கர் விசில் கேட்டது.

இப்போது சேலத்தில் எனக்கென்று ஓர் அலுவலக மேசை. அதில் எந்தத் தாளும் ஒரு நாளுக்கு மேல் தங்காது. ஓரத்தில் மட்டும், சரிபார்ப்புக்குப் போகும்போது ஃபைல் நனையாமல் இருக்க மாமா தைத்துக் கொடுத்த பச்சைத் தார்ப்பாய்ப் பை, பித்தளைக் கண்களோடு கிடக்கிறது. அதற்குள் ஒன்றும் இல்லை. அதனால் ஒரு பயனும் இல்லை. போட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால், எடுத்துத் தூசி தட்டி, அதே ஓரத்தில் மறுபடி வைத்துவிடுகிறேன்.