பெர்னி வீட்டில் இல்லாத ஞாயிறுகள்

போன ஜனவரியில் நான் ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். கொக்குகளுக்கும் எனக்கும் இனிமேல் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கொக்குகள் என்பது எங்கள் டொலிடோ நகரத்து அணி. அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து, ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். எங்கள் ஆட்கள் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அந்தப் பருவம் முழுவதும் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதுவும் எதிரணியின் பஸ் பனியில் மாட்டிக்கொண்டு, பாவம், அவர்கள் சாப்பிடாமல் வந்து ஆடியதால்தான் என்று ஊரில் பேச்சு.

மைதானத்தில் எனக்கென்று ஓர் இருக்கை உண்டு. அப்பா வழியில் வந்த சொத்து. வருஷா வருஷம் பருவச் சீட்டு என் பெயருக்குத்தான் வரும். மழையிலும் பனியிலும் அதில் உட்கார்ந்து நான் சம்பாதித்தது மூட்டுவலியும் மூலமும்தான். போதும் என்று தோன்றிவிட்டது.

"பெர்னி, நான் சீட்டை விட்டுட்டேன்."

"எந்தச் சீட்டை?"

"மைதானத்துச் சீட்டைத்தான். அடுத்த பருவத்துக்கு ஆர்வில் கையில குடுத்துட்டேன். யாருக்கு வேணும்னாலும் குடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

பெர்னடீன், என் மனைவி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி தடவ ஆரம்பித்தது.

"நல்ல முடிவு கிளெம். உனக்கும் வயசாகுது."

"அழுகை வரும்னு நினைச்சேன்."

"எனக்கா?"

"எனக்கு."

"வந்தா அழு. துண்டு அங்க இருக்கு பாரு."

ஆர்வில் என் பக்கத்து வீட்டுக்காரன். மைதானத்திலும் பக்கத்து இருக்கை. சீட்டை வாங்கிக்கொண்டவன் என் தோளைத் தட்டி, "நான் பாத்துக்கறேன்யா" என்றான். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் முதல் ஆட்டம், உள்ளூரில். அன்றைக்கென்று பார்த்து பெர்னியின் அக்கா லொரெய்னுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. லொரெய்ன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பெர்னி ஃபிளாஸ்க்கில் சூப் ஊற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள். நான் ஆட்டம் பார்க்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, நான் அதன் எதிரில் இருந்தேன், அவ்வளவுதான்.

புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், டில்லர்ட் என்று பெயர். பந்தை எறிவது அவன் வேலை. அவன் எறிந்த பந்து கீழே வர மறந்துபோனது போல மிதந்தது. அது மிதக்க மிதக்க எனக்கும் உடம்பு சோபாவை விட்டு எழும்புகிற மாதிரி இருந்தது. பந்து போய் நம் ஆள் கையில் இறங்கியது. எதிரணி ஆள் கையில் இல்லை, நம் ஆள் கையில். கொக்குகள் ஜெயித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வெளியூர் ஆட்டம். பெர்னி என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். தோற்றார்கள். அதற்கடுத்த வாரம் உள்ளூர். லொரெய்னுக்கு மறுபடி முழங்கால். வெற்றி. அப்புறம் வெளியூர், மறுபடி ஸ்வெட்டர். தோல்வி.

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. பெர்னி வீட்டில் இருந்தால் தோல்வி, இல்லாவிட்டால் வெற்றி. உள்ளூர், வெளியூர் என்று வேறு ஏதாவது காரணம் இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் கொக்குகளின் ரசிகர் இல்லை.

"பெர்னி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுக்குவேன். சொல்லு."

"ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல இருந்தா நம்ம ஆளுங்க தோத்துப்போறாங்க."

"நான் என்ன பண்ணேன்? ஸ்வெட்டர்தானே பின்னினேன்?"

"நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம். ராசி அப்படி."

"அவங்களோட ஒட்டுமில்ல உறவுமில்லன்னு நீதானே சொன்னே?"

"ஒட்டு இல்ல. உறவு கொஞ்சம் இருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளைப் பார்த்து ராசியில்லாதவன்னு சொல்லிட்டே. சரி." குரல் தழுதழுத்தது. எனக்கு மனசு கரைந்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் எல்லாம் நானே கழுவுகிறேன் என்றேன். முதுகு திரும்பவில்லை. அவள் வரும்போது முட்டைக்கோஸில் கறி சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்து, சூடாக மேஜையில் வைக்கிறேன் என்றேன்.

"ஊருக்காகப் போறேன்" என்றாள் பெர்னி. கோட்டு எடுக்க மாடி ஏறும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். துக்கத்தில் சிலர் பாடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் கொக்குகள் தோற்கவே இல்லை. உள்ளூரோ வெளியூரோ, ஞாயிறு வந்தால் பெர்னி வெளியே, வெற்றி உள்ளே. அந்த அக்டோபர் ஒரு சொப்பனம் மாதிரி ஓடியது. பேக்கரியில் கொக்கு வடிவத்தில் பிஸ்கட் போட்டார்கள். எங்கள் போலந்துக்காரர் சர்ச் பாதிரியார் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, ஆட்டம் பார்க்க எங்களை வீட்டுக்கு அனுப்பினார். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். நான் மத்தியானம் பூரா சோபாவில் கண் சொருகிக் கிடப்பேன். ஏரிப் பக்கமிருந்து மேகம் வரும், வெளிச்சம் மங்கும், ஆட்டம் எங்கே முடிகிறது, கனவு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. கனவில் டில்லர்ட் பந்தை எனக்கு எறிவான். நான் பிடித்துக்கொண்டு சமையலறை வரை ஓடுவேன்.

கடைசி நேரத்தில் எங்கள் ஆள் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கப் போகும்போது மைதானமே ஒற்றைக்காலில் நிற்கும். எங்கள் ஊர் வழக்கம். நானும் அடுப்பு முன்னால், கையில் கரண்டியோடு, ஒற்றைக்காலில் நிற்பேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, நல்ல பனி. டிவியில் கூட்டத்தைக் காட்டினார்கள். எல்லோரும் ஒற்றைக்காலில். நடுவில் ஆர்வில். அவன் பக்கத்தில், என் இருக்கைக்கு முன்னால், முகம் பூரா கொக்குகளின் நீலச் சாயத்தோடு ஓர் அம்மாள், என் ஃபிளாஸ்க்கை வாளைப் போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பெர்னி.

சாயங்காலம் வந்தவளிடம் கேட்டேன். முகம் கழுவினாற்போல் பளபளவென்று இருந்தது.

"நீ எத்தனை பீர் குடிச்சே கிளெம்?"

"மூணு."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு."

"அப்புறம் அங்க நான் மட்டும்தான் இருந்தேனா, செத்துப்போன உங்க சித்தப்பாவும் இருந்தாரா?"

யோசித்தேன். கனவென்றால் கனவுதான். அன்றைக்குக் காலையில்கூட சித்தப்பா கனவில் வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு முட்டைக்கோஸ் சுருளை அவள் தட்டில் வைத்தேன்.

இருந்தாலும் மறுநாள் வாசலில் பனி வாரும்போது ஆர்வில்லைக் கேட்டேன். "என் சீட்டுல இப்ப யாருய்யா உட்கார்றாங்க?"

"ஒரு அம்மா."

"ஆள் எப்படி?"

"நடுவரைத் திட்டறதுல உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே வாரிய இடத்தையே மறுபடி வார ஆரம்பித்தான்.

ஜனவரி வந்தது. இன்னும் ஒரே ஆட்டம் ஜெயித்தால் இறுதிப் போட்டி. என் ஆயுசில் நடக்காத சங்கதி. அதுவும் எங்கள் மைதானத்திலேயே. எனக்குத் தாங்கவில்லை. தோற்றபோதெல்லாம் கூடவே நனைந்தவன் நான். ஜெயிக்கிற அன்றைக்கு நான் அங்கே இல்லாமல் இருப்பதா? சாப்பாடு இறங்கவில்லை. ஆர்வில்லைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டேன்.

"ஆர்வில், ஒரே ஒரு நாள். என் சீட்டைத் திருப்பி வாங்கிக் குடு. அந்த அம்மா காலுல வேணும்னாலும் விழறேன்."

"அவங்களைத்தான் கேக்கணும்."

"கேளு."

"நீயே கேளேன்யா. உன் அடுக்களையிலதான் நிக்கிறாங்க."

அடுக்களையில் பெர்னி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"யாருக்கு வேணும்னாலும் குடுன்னு சொன்னியாமே. எனக்கு வேணும்னு தோணிச்சு."

"லொரெய்ன் முழங்கால்?"

"வலி நிஜம்தான். பல வருஷமா இருக்கு."

"வெளியூர் ஆட்டம் அன்னைக்கெல்லாம்?"

"ஆர்வில் வீட்டுல பார்த்தோம். நீ டிவியைப் பார்த்துக் கத்தினது வேலிக்கு அந்தப் பக்கம் நல்லாவே கேட்டுது."

"அப்போ டிசம்பர்ல நான் கண்ட கனவு?"

"நீ தூங்கவே இல்ல கிளெம்."

நான் நிமிர்ந்து நின்றேன். அந்த வருஷத்தில் முதல் தடவையாக நியாயம் என் பக்கம் இருந்தது. ஏதாவது கடுமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து சீட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள்.

"எடுத்துக்கோ. உன் சீட்டு. நீயே போ."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆர்வில், நீ மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கே?"

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றான் ஆர்வில், காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு. "கிளெம் வந்த வருஷமெல்லாம் தோத்தோம். வராத வருஷம் ஜெயிக்கறோம். அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

"அந்த டில்லர்ட் பையன் வந்ததால ஜெயிக்கறாங்கய்யா" என்றேன்.

"அதேதான்" என்றாள் பெர்னி. "ராசி கீசியெல்லாம் யாரு நம்பறா?"

நான் நம்புகிறேன். அது அவளுக்குத் தெரியும். மறுபடி வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். சீட்டு மேஜையில் கிடந்தது. அதை எடுத்தேன், வைத்தேன், சட்டைப் பையில் போட்டேன், மறுபடி எடுத்தேன். நான் போய் உட்கார்ந்து, கொக்குகள் தோற்றால், இந்த ஊரில் எனக்கு ரொட்டி விற்பானா யாராவது? சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சீட்டை அவள் தட்டுப் பக்கம் தள்ளினேன்.

"நீயே போ பெர்னி."

எழுந்து வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "உனக்குப் பெரிய மனசு." அவள் நீலச் சாய டப்பா ஏற்கெனவே கோட்டுப் பையில் இருந்தது.

ஞாயிறு ஆட்டத்தில் கொக்குகள் பின்தங்கினார்கள். மூன்றாம் கட்டத்தில் போன் அடித்தது. ஆர்வில். பின்னால் ஒரே இரைச்சல்.

"டிவி போட்டிருக்கியா?"

"போடாம?"

"அணைச்சிடு."

"யோவ்."

"நான் சொல்லலைய்யா. பெர்னி சொல்றா. எங்க வரிசை மொத்தமும் சொல்லுது."

அணைத்தேன். வீடு நிசப்தமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நான் கூடத்தின் நடுவே ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடினேன். டில்லர்ட் பின்னால் நகர்ந்தான். பந்து மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, பனிக்குள் மறைந்தது, யாரோ அதைப் பிடித்தார்கள். பிறகு உதைக்கிறவன் வந்தான். அவன் கால் எழும்பியபோது, உறைந்த ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. சர்ச் மணி அடித்தது. தெருவில் கார்கள் எல்லாம் ஹார்ன் அடித்தன. நான் ஒற்றைக்காலிலேயே நின்று அழுதேன். சந்தோஷமாக இருந்தது.

பெர்னி தலையெல்லாம் பனியோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்து நீலம் என் கன்னத்திலும் ஒட்டியது. ஆர்வில் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சிட்டோம் கிளெம்."

"தெரியும். கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் பார்த்தேன். டில்லர்ட் எறிஞ்சது, கடைசி உதை, எல்லாம் அப்படியே கனவு மாதிரி வந்துச்சு."

அவள் பிடி தளர்ந்தது. என்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடைசி உதையையும் பார்த்தியா?"

"பார்த்தேனே."

"அந்தப் பந்து கம்பத்துல மோதி, வெளியவா உள்ளயான்னு தடுமாறி, போனாப் போகுதுன்னு உள்ள விழுந்துச்சு. ஊரே செத்துப் பிழைச்சுது." வாசல் பக்கம் திரும்பினாள். "ஆர்வில், ஏன்னு இப்பத் தெரியுதா?"

ஆர்வில் தலையை ஆட்டினான்.

"ஃபைனல் முடியற வரைக்கும் நீ கனவும் காணக்கூடாது கிளெம்" என்றாள் பெர்னி.