தானாக மலையேறிய மூட்டை

ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மூட்டையைக் கை படாமல் நான் மலையேற்றியிருக்கிறேன். வெறும் பேனாவால்.

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பி.எஸ்சி. இயற்பியலுக்கு அலாட்மென்ட் வாங்கிய முதல் ஆள் நான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கில் சொல்ல, கோயிலே கைதட்டியது. (நான் அடக்கமாகத் தலை குனிந்து, யார் யார் தட்டவில்லை என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.)

கல்லூரியில் ஒரு விதி. வகுப்பு தொடங்குமுன் ஐந்து நாள் கணக்குப் பயிற்சி. ஆறாம் நாள் பரீட்சை. தேறாவிட்டால் இயற்பியல் சீட்டு போய்விடும்.

"அது கணக்கு வராதவங்களுக்கும்மா," என்றேன். "சரிவு, பாரம், இழுவை எல்லாம் நான் பொறந்ததுலருந்து பாக்கேன். எனக்குப் போய் என்ன சொல்லித் தரப்போறாங்க?"

"சும்மா போய் உக்காந்துட்டுத்தான் வாயேன் ஏட்டி," என்றாள் அம்மா.

கேட்டேனா? ஐந்து நாளும் வீடு வீடாகப் போய் வாழ்த்து வாங்கினேன். பெரியம்மா மகள் ரோஸி அக்கா, இஞ்சினியரிங் படித்தவள், தன் பழைய கால்குலேட்டரைப் பரிசாகக் கொடுத்தாள். அதில் ஐம்பது பொத்தான். எது எதற்கென்று நான் கேட்கவே இல்லை.

பரீட்சையன்று அம்மா லீவு போட்டு, கிறிஸ்துமஸ் புடவை கட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் நின்றாள்.

முதல் கேள்வி: முப்பது டிகிரி சரிவில் இருபது கிலோ மூட்டை. புவியீர்ப்பு அதைச் சரிவு வழியே கீழே இழுக்கும் விசை எவ்வளவு?

ஆகா, நம்ம மூட்டை! முதலில் சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்தேன். (எங்கள் எடைக் கொட்டகையில் கழிக்காமல் எழுதவே மாட்டார்கள்.) மிச்சத்தை 9.8ஆல் பெருக்கி, சைன் முப்பதையும் தட்டினேன். விடை, மைனஸ் நூற்றி எழுபத்து நாலு.

மைனஸா? அறிவுள்ளவள் இங்கே நின்றிருப்பாள். எனக்கோ சட்டென்று விளங்கிவிட்டது. கீழே இழுப்பது மைனஸ் என்றால் மூட்டை மேலே போகிறது! சரிதானே? எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை கீழே போய் நான் பார்த்ததே இல்லை. மேலே ரோட்டோரம் இருக்கும் எடைக் கொட்டகைக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அம்மா தலையில். குஷியாக எழுதினேன்: 'எனவே மூட்டை தானாக மலையேறும். அனுபவத்திலும் இதுவே உண்மை.' அடிக்கோடு வேறு போட்டேன்.

எல்லோருக்கும் முன்பே எழுந்து பேப்பரைக் கொடுத்தேன். பரீட்சை நடத்திய மலையாளி சார் அங்கேயே படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மோளே, இதை ஆரு மேலே தள்ளியது?"

"யாரும் இல்ல சார். விசை."

அம்மா வாசலில் எட்டிப் பார்த்தாள். "பிள்ள பாஸா சார்?"

நான் எழுதியதை சார் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். இருபது வருஷம் மூட்டை சுமந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தானா ஏறுமா? அப்ப இத்தன வருசமா நான் எதுக்குட்டி சொமந்தேன்?"

ஹாலே கொல்லென்று சிரித்தது. சிரிப்பைக்கூடத் தாங்கியிருப்பேன். சீட்டு போச்சே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

சார் கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தார். "டிகிரியில் இல்லை, ரேடியனில் கிடக்கு. கோணத்தோட அளவே வேறயாக்கும். பயிற்சியில் முதல் நாள் சொன்ன விஷயம் இது."

"ஒரு வாரம் குடுங்க சார். பிள்ளய நான் படிக்க உக்கார வைக்கேன்," என்றாள் அம்மா. வைத்தாள். ஏழு நாள் சோறும் கணக்குமாகவே கிடந்து, சார் இரங்கி வைத்த மறுபரீட்சையில் தேறினேன். அப்பாடா, சீட்டு பிழைத்தது!

இப்போது வேறொரு கல்லூரியில் அதே பயிற்சியை நடத்துவது நான்தான். நுழைந்ததும், "எல்லாரும் சைன் முப்பது தட்டுங்க, அரை வருதா?" என்பேன். பிள்ளைகளுக்கு என்னிடம் பயம்.

வீட்டில் அந்தப் பருப்பு வேகாது. கேஸ் சிலிண்டரை ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். லயத்துக்கு நாற்பது படி. நான் குனிந்து பிடியில் கை வைத்ததும் மேலிருந்து அம்மா கத்துவாள்:

"ஏட்டி, தூக்காத! இரு, கால்குலேட்டர எடுத்துட்டு வாரேன்!"