மாப்பிள்ளை பார்த்த கூலர்

தெரியாத விஷயத்தைத் "தெரியாதுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வியாதியோடுதான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனேன்.

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை ஆபீசில் கம்ப்யூட்டரில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். என் கம்ப்யூட்டர் ஞானம் அவ்வளவுதான். ஆனால் தரகர் பெண் வீட்டில், "பையன் கம்ப்யூட்டரப் பிரிச்சு மேஞ்சுருவாப்லங்க" என்று அளந்துவிட்டிருந்தார். (அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரிடம் அளந்தது நான்தான்.)

பெண் வீட்டில் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் பட்டறை வைத்திருந்தார்கள். முன்பக்கம் பட்டறை, அதன் ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் வீடு. கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்தார்கள். கவிதா காபி கொண்டுவந்து கொடுத்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முதல் மடக்கிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வாயைத் திறந்தார்.

"ஏனுங்க தம்பி, நம்ம கம்ப்யூட்டரு போட்ட கொஞ்ச நேரத்துல தானா ஆப் ஆயிருதுங்க. என்னன்னு பாருங்களே."

என் கல்யாணமே இதில்தான் இருக்கிறது என்று பட்டது. "கூலர் வேலை செய்யுதான்னு பாத்துட்டாப் போச்சுங்க" என்றேன். (எங்கள் ஆபீசுக்கு வந்த மெக்கானிக் சொல்லக் கேட்டது.) ஷாக் அடித்தால் மானம் போய்விடுமே என்று பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சிபியுவின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரே பஞ்சு. கூலர் என்பது பிராசஸர் மேல் அதன் சூட்டை ஆற்ற இருக்கும் சின்ன ஃபேன்; அது பஞ்சைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

நிட்டிங் மெஷினில் பஞ்சு அடைந்தால் கம்ப்ரஸர் பைப்பை எடுத்து ஏர் அடிப்பார்கள். நானும் எடுத்தேன். முழு வேகத்தில் அடித்தேன்.

ஐயோ சாமி! அம்மாவின் பட்டுச்சேலை, கவிதா அப்பாவின் மீசை, தட்டிலிருந்த கேசரி, எல்லாவற்றிலும் பஞ்சு. ஆனால் அந்த ஃபேன் 'ஙொய்ய்' என்று கத்திக்கொண்டு சுற்றிய சுற்று இருக்கிறதே, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்ளா மாமா, என்ன சுத்து சுத்துது! கூலர் பக்காவா இருக்குதுங்க." (மாமா என்றே கூப்பிட்டுவிட்டேன்.)

கதவோரம் நின்ற கவிதா மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, பிளக்கு கீழ கெடக்குதுங்களே. அது கரண்ட்டுல சுத்துதுங்ளா, காத்துல சுத்துதுங்ளா?"

அவள் அப்பா பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் அசையவில்லை. விரலால் தள்ளிவிட்டேன். அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுகொண்டது. சரி, சூடு ஏறுகிறதா என்றாவது பார்ப்போம் என்று கொஞ்ச நேரம் கழித்து அதன் அடியிலிருந்த அலுமினியத்தைத் தொட்டேன். "அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பட்டறையில் மெஷின் ஓட்டியவர்கள் ஓடிவந்தார்கள்.

"எனக்கு பில் அடிக்க மட்டுந்தானுங்க தெரியும்" என்றேன், விரலை வாயில் வைத்துக்கொண்டே. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. கவிதா சிரிப்பை அடக்கமுடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அப்பா மகளை ஒரு பார்வை பார்த்தார். மீசையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "போச்சாது உடுங்க மாப்ள. கூலரப் பாக்க வேற ஆளக் கூப்புட்டுக்கலாம். எம்புள்ளையப் பாத்துக்க நீங்க இருங்க" என்றார்.

இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். (உண்மையில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீட்டில் கேட்காதீர்கள்.) போன மாதம் காய்ச்சல். "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறேன்" என்று வீறாப்பாக வேலைக்குக் கிளம்பினேன். என் மகள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்கப்பா, நீங்க இப்ப கரண்ட்டுல ஓடறீங்ளா, காத்துல ஓடறீங்ளா?"