பச்சை எரிந்தால் பி.எஸ்ஸி. நர்சிங்

அந்த ஜூன் மாதம் சிவகாசி வட்டாரத்தில் பட்டாசை விட அதிகமாகப் பேசப்பட்டது ஒரு தீச்சட்டி. திருத்தங்கல் சாலையில், காலண்டர் சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு குடோனில் அது இருந்தது. தீச்சட்டிக்குப் பின்னால் ஒரு சாமியார் இருந்தார். சாமியாருக்கு முன்னால் ஊரே இருந்தது.

அவர் பெயர் அக்கினிச் சித்தராம். போஸ்டரில் அப்படித்தான் போட்டிருந்தது. நான்கு கலர் ஆப்செட், பளபளக்கும் தாள். அச்சடிப்பதில் நம் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. எதை அச்சடிக்கிறோம் என்று படித்துப் பார்ப்பதில்தான் கொஞ்சம் சோம்பல்.

‘உங்கள் மகள் நர்ஸ் ஆவாளா? அக்கினியே சொல்லும்’ என்றது போஸ்டர்.

அக்கினி சொல்லும் முறை எளிமையானது. பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க ஆசைப்படும் பிள்ளை சட்டிக்கு முன்னால் உட்கார வேண்டும். சித்தர் கண்ணை மூடிக் கேள்வி கேட்பார். இடுப்பில் தொங்கும் சுருக்குப் பையிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்துத் தீயில் போடுவார். தீ சிவப்பாக எரிந்தால் சீட்டு இல்லை. பச்சையாக எரிந்தால் உண்டு. மார்க்கு, ரேங்க், கவுன்சிலிங் என்று அரசாங்கம் இத்தனை வருடமாக மெனக்கெடுவது எதற்கென்றே தெரியவில்லை. ஒரு சட்டி வாங்கி வைத்திருக்கலாம்.

குடோன் சுவரில் விற்காமல் போன காலண்டர் படங்கள் தொங்கின. மாரியம்மன், மாதா, மக்கா எல்லாம் அக்கம்பக்கமாக. மதத்துக்கு ஒரு படம் இருந்தது. உண்டியல் மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று.

கூட்டத்தில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்பவர்கள். காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போய், பொழுது சாயும்வரை கலர் கலராக எரியும் சாமான்களைச் செய்து அடுக்கிவிட்டு வந்தவர்கள். அவர்கள்தான் அதே வேனிலிருந்து இறங்கி, தீ பச்சையாக எரிந்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கம்பெனியில் எரிந்தால் அது சரக்கு. சாமியார் எரித்தால் அது அருள்.

அந்தக் கூட்டத்தில் பொன்னுத்தங்கமும் அவள் மகள் சுகிர்தாவும் இருந்தார்கள். பொன்னுத்தங்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருப்பவள். கணவர் தனுஷ்கோடி பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போயிருந்தார்.

சுகிர்தா நர்சிங் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் சித்தி ராமுத்தாய் ஒரு வெடி விபத்தில் சிக்கி, தீக்காய வார்டில் கிடந்தாள். புண்ணுக்குக் கட்டு மாற்றும் நேரம் வந்தால் வீட்டு மனிதர்களே வெளியே போய் நின்றுகொள்வார்கள். ஒரு நர்ஸ் மட்டும் முகம் சுளிக்காமல், சித்தியிடம் சமையல் பக்குவம் கேட்டுக்கொண்டே கட்டை மாற்றுவார். சித்தி வலியோடு வலியாகப் புளிக்குழம்பு வைக்கும் விதம் சொல்வாள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த அன்றைக்கே சுகிர்தா முடிவு செய்துவிட்டாள். அதற்கப்புறம் ஒழுங்காகப் படித்தாள். நல்ல மார்க்கும் வாங்கினாள்.

அரசுக் கவுன்சிலிங்குக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி. மத்தியானமே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. கடைசிப் பொத்தானை அழுத்தப் போகும்போது பொன்னுத்தங்கம் கையைப் பிடித்துவிட்டாள்.

“சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அழுத்துவோம்.”

“நாளையோட முடியுதும்மா.”

“அதனாலதான் இன்னிக்கே போவோம்ங்கேன். ஊரே போகுது. அம்புட்டுப் பேரும் கிறுக்குப் பயலுகளா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் சோறு கிடைக்காது. சுகிர்தா பேசாமல் வந்துவிட்டாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் பள்ளித் தோழி ஹாஃபிஸா நின்றிருந்தாள். கூட அவள் அத்தா செய்யது அபுதாஹிர். பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர்.

“எங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா,” என்றார் அவர், பொன்னுத்தங்கத்தைப் பார்த்ததும். “சும்மா, காலேஜ் விவரம் எதுவும் தெரியுமான்னு வந்தோம்.”

“நாங்களும் சும்மாதாண்ணே,” என்றாள் பொன்னுத்தங்கம்.

சும்மா வந்தவர் மூன்று மணிக்கே துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்.

அப்போது சட்டிக்கு முன்னால் நாகஜோதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சித்தர் கண்ணை மூடினார்.

“அரசுக் கவுன்சிலிங்ல இந்தப் பிள்ளைக்கு இடம் உண்டா, அக்கினியே?”

தீ சிவப்பாகச் சீறியது. பெண்ணின் அம்மா விசும்ப ஆரம்பித்தாள். சித்தர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

“பொறுங்க தாயி. மாநில எல்லையத் தாண்டி ஒரு கல்லூரி தெரியுது. ஸ்ரீ ஜோதிப்பிரவாகம் நர்சிங் கல்லூரி. அங்கன இடம் உண்டா?”

பச்சை. குடோன் முழுக்கப் பெருமூச்சு.

“ஒரிஜினல் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் பாண்டிகிட்ட ஒப்படைச்சுருங்க,” என்றார் சித்தர். பாண்டி என்பது வாசலோரம் இரும்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நடுவயதுச் சீடர். “வேற எங்கயும் விண்ணப்பம் போடாதீக. போட்டா அக்கினி கோவிச்சுக்கும்.”

அக்கினிக்கு இவ்வளவு ரோஷம் இருப்பது வேதத்திலும் இல்லை, கெமிஸ்ட்ரிப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த பெண்ணுக்கும் கவுன்சிலிங் சிவப்பு, ஜோதிப்பிரவாகம் பச்சை. அதற்கடுத்தவளுக்கும் அதேதான். தொண்ணூறு மார்க்குக்காரிக்கும் அறுபது மார்க்குக்காரிக்கும் அக்கினி ஒரே கல்லூரியைத்தான் காட்டியது. அதற்கு வேறு கல்லூரி எதுவும் தெரியாது போல.

சுகிர்தா ஹாஃபிஸாவின் காதருகே குனிந்தாள்.

“பிராக்டிகல்ல உனக்கு என்ன உப்பு வந்துச்சு?”

“பேரியம்.”

“சுடர் சோதனையில என்ன கலர் எழுதுன?”

“ஆப்பிள் பச்சை,” என்ற ஹாஃபிஸா தீச்சட்டியைப் பார்த்தாள். பிறகு தோழியைப் பார்த்தாள். “எனக்கு முழு மார்க்கு போட்டாங்க.”

“அந்த ஆளுக்கு எம்புட்டுப் போடலாம்?”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தரின் இடுப்பில் ஒரு பை இல்லை, இரண்டு பைகள் இருப்பதைச் சுகிர்தா கவனித்தாள். சிவப்பு எரியும்போது கை வலப்பக்கப் பைக்குப் போனது. பச்சை எரியும்போது இடப்பக்கம். ஒரு தடவைகூட மாறவில்லை. இத்தனை பேர் அந்தத் தீயைப் பார்த்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை.

அபுதாஹிர் ஒரு போன் பேச ஓரமாக ஒதுங்கியதால் சுகிர்தாவின் முறை முந்தி வந்தது. கவுன்சிலிங் என்றதும் சிவப்பு. பொன்னுத்தங்கத்தின் கண் நிறைந்தது. ஜோதிப்பிரவாகம் என்றதும் பச்சை. நிறைந்தது வழிந்தது.

“சர்டிபிகேட்டக் குடு தாயி,” என்றார் சித்தர்.

சுகிர்தா உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அது போனால் நாளைக்கு அழுத்த வேண்டிய பொத்தானும் போகும், நான்கு வருடப் படிப்பும் போகும். எப்படி மறுப்பது, அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பொன்னுத்தங்கத்தின் பக்தியிலிருந்து.

“சாமி, அந்தப் பச்சத் திருநீறு ஒரு கை குடுங்க. லாரியில போயிருக்க அவுக வந்ததும் நெத்தியில பூசி விடணும்.”

“அது வேண்டாம் தாயி.”

“ஏன் சாமி?”

சித்தர் சற்றுத் திணறினார். “அது நெத்திக்கு ஆகாது.”

“திருநீறு நெத்திக்கு ஆகாம வேற எதுக்கு சாமி ஆகும்?” என்றாள் பொன்னுத்தங்கம், கள்ளங்கபடமில்லாமல். கேட்டுக்கொண்டே அவருடைய இடப்பக்கப் பையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடியப் போனாள்.

சுகிர்தா அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள்.

“சாமி, அக்கினிகிட்ட நானும் ஒண்ணு கேட்டுக்கிடட்டுமா?”

சின்னப் பிள்ளை ஆசைப்படுகிறது என்று கூட்டம் தலையாட்டியது. சித்தர் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“எங்க வீட்டு ஆடு கருவாச்சிக்கு ஜோதிப்பிரவாகம் காலேஜ்ல நர்சிங் சீட்டு உண்டா?”

போட்டாள். சட்டிக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பச்சைப்பசேலென்று எரிந்தது.

சுகிர்தா இன்னொரு சிட்டிகை எடுத்தாள்.

“கருவாச்சிக்கு ஹாஸ்டல் வசதியும் உண்டா?”

உண்டு என்றது அக்கினி, முன்னைவிடப் பிரகாசமாக.

சித்தர் எழுந்து நின்றார். அனுபவஸ்தர். அவ்வளவு லேசில் விழுகிற ஆள் இல்லை.

“அது சாதாரண ஆடு இல்ல. போன பிறவியில நோயாளிகளுக்குச் சேவை செஞ்ச ஆத்மா.”

முன்வரிசையில் ஒரு அம்மா ‘அதானே பாத்தேன்’ என்று கையெடுத்துக் கும்பிட்டார். நம்புவதென்று ஒருவர் முடிவு செய்துவிட்டால் ஆடும் ஆத்மாதான்.

“போன பிறவியில அது பயாலஜி குரூப்பா சாமி?” என்று கேட்டாள் ஹாஃபிஸா.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்புக்கு ஒரு குணம் உண்டு. முதல் ஆள் சிரிக்கத்தான் பயப்படுவான். அடுத்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

“அதே ஆடு, அதே காலேஜ். வலப்பக்கப் பையில இருந்து எடுத்து நீங்களே போடுங்க சாமி,” என்றாள் சுகிர்தா. “பச்சை வந்தா சர்டிபிகேட்ட உங்க காலடியில வைக்கேன்.”

சித்தர் வலப்பக்கப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். போன் பேசப் போன அபுதாஹிர் அதற்குள் சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

“ஏவாரத்துல ரெண்டு மூட்டையையும் பிரிச்சுப் பாத்துத்தான் சரக்கு எடுப்போம். தப்பா நெனைக்காதீக,” என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு, சித்தரின் விரல்களை விலக்கி, ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார்.

செக்கச் சிவப்பு. பாவம் கருவாச்சி. கிடைத்த சீட்டு கைநழுவிப் போனது.

“எங்க பள்ளிக்கூட லேப்ல இத உப்புன்னு சொல்லுவாங்க,” என்றாள் சுகிர்தா, கூட்டத்தைப் பார்த்து. “பேரியம் பச்சையா எரியும். ஸ்ட்ரான்சியம் செவப்பா எரியும். நீங்க செய்யிற மத்தாப்புல இருக்கதுதான். இங்க நிக்கிற சயின்ஸ் குரூப்புப் பிள்ளைக அம்புட்டுப் பேரும் இத எழுதித்தான் பாஸாகி வந்திருக்கோம். அம்மா, மொதல்ல கையக் கழுவு. அது பட்டாசு மருந்து, உடம்புக்கு ஆகாது.”

பொன்னுத்தங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். தினமும் தான் பெட்டியில் அடுக்கும் சாமானை இன்றைக்குக் கணவன் நெற்றிக்குக் கொண்டுபோகப் பார்த்தது அவளுக்கு உறைத்தது.

“அப்ப அந்தக் காலேஜு?” என்று ஒருவர் கேட்டார்.

“அதத்தான் நானும் அப்பத்துல இருந்து கேக்கப் பாக்கேன்,” என்றார் அபுதாஹிர். “வாசல்ல குடுத்த நோட்டீஸ்ல காலேஜ் ஆபீஸ் நம்பர் இருக்கு. நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு கேக்கலாம்னு ஒதுங்குனேன். லைன் கிடைக்கல. இன்னொருக்கா போட்டுப் பாப்போம்.”

போட்டார். எல்லை தாண்டி இருக்கும் கல்லூரியின் மணி, சித்தரின் காவி வேட்டி மடிப்புக்குள் அடித்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது. சித்தர் அசையவில்லை.

“எடுங்க சாமி,” என்றாள் பொன்னுத்தங்கம். “அக்கினிதான் கூப்புடுது போல.”

அதற்கப்புறம் குடோனில் பக்தி மிச்சமில்லை. இரும்புப் பெட்டியைப் பாண்டியே திறந்துவிட்டார். “நான் சம்பளத்துக்கு வந்தவன்க” என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையின் சர்டிபிகேட்டையும் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். சித்தர் பின்பக்க ஷட்டரை நோக்கி ஓடினார். அது வெளியே பூட்டியிருந்தது. எத்தனையோ பேருக்கு எதிர்காலம் சொன்னவருக்கு அந்தப் பூட்டு மட்டும் முன்கூட்டித் தெரியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் வைத்துத்தான் விவரம் முழுக்க வெளியே வந்தது. ஜோதிப்பிரவாகம் கல்லூரிக்குக் கட்டடம் உண்டு, அங்கீகாரம் கிடையாது. அங்கே படித்து வருபவர்கள் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பிள்ளை பிடித்துக் கொடுத்தால் இவருக்குக் கமிஷன்.

“நான் யாரையும் கையப் பிடிச்சு இழுக்கல சார். அவுகளா வந்தாக,” என்றாராம் இன்ஸ்பெக்டரிடம். அந்த ஆள் வாயிலிருந்து வந்த உண்மையான வாக்கு அது ஒன்றுதான்.

மறுநாள் சுகிர்தாவும் ஹாஃபிஸாவும் ஒன்றாகப் போய்ப் பொத்தானை அழுத்தினார்கள். கவுன்சிலிங்கில் சுகிர்தாவுக்கு அரசுக் கல்லூரி கிடைத்தது. ஹாஃபிஸாவுக்கு மதுரைப் பக்கம் அங்கீகாரம் உள்ள ஒரு கல்லூரி. அதைக் கொடுத்தது அவர்கள் வாங்கிய மார்க்கு. எந்தத் தீயும் எரியவில்லை.

இதோடு கதையை முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பொன்னுத்தங்கம் கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். கையில் பூமாலை, தேங்காய், பழம்.

“அந்த ஆத்மா இருக்க ஆடு இந்த வீடுதான?” என்று ஒருத்தி குரலைத் தணித்துக் கேட்டாள். “என் மகளுக்கு இன்ஜினியரிங் கேக்கணும்.”

பொன்னுத்தங்கம் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். நேற்று வரை தானும் இப்படித்தான் இருந்தோம் என்பதால் திட்ட வாய் வரவில்லை.

“மகளுக்கு மார்க்கு எம்புட்டு?” என்று கேட்டாள்.

“தெரியலையே. கேக்கலையே.”

“போயி மொதல்ல அதக் கேளுங்க தாயி.”

அவர்கள் போகவில்லை. ஆட்டின் கழுத்தில் மாலையைப் போட்டு விழுந்து கும்பிட்டார்கள். கருவாச்சி மாலையை முகர்ந்து பார்த்தது. நாரை ஒதுக்கிவிட்டுப் பூவை மட்டும் தின்றது. எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று ஒரு ஆட்டுக்குக்கூடத் தெரிகிறது. நாம் எப்போது யோசிக்கத் தொடங்கப் போகிறோம்?