பத்தாவது கை

ஊசி என்றால் பயப்படுகிறவர்கள், பயப்படாதவர்கள் என்று உலகத்தில் இரண்டே இனம்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவது இனம் ஒன்று உண்டு. கைகாட்டி மரம். ஊருக்கெல்லாம் வழி சொல்லும். தன்னை நட்ட இடத்தைவிட்டு அசையாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்காரர் அந்த இனத்தில் அசல் வித்து. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் ஆயுளுக்காகவே கவலைப்பட்டவர். பூஸ்டர் ஊசி வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், லிஃப்டில் அகப்பட்டவரைக் கதவு திறப்பதற்குள் மடக்கி, "பழைய ஊசியெல்லாம் சுவத்துல அடிச்ச பெயிண்ட் மாதிரி சார், வெளுத்துடும், இன்னொரு கோட் அடிச்சே ஆகணும்" என்று விளக்கி, தயங்குகிறவரைத் தட்டிக்கொடுத்து, அதற்கும் மசியாதவரைத் தன் காரிலேயே ஏற்றி, கிளினிக் வாசலில் இறக்கி, போட்டுக்கொண்டு திரும்பியவரின் தோளைத் தொட்டுப் பார்த்து, "அவ்ளோதான்! எறும்புக் கடி!" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

அந்த எறும்பை அவர் எப்போது சந்தித்தார்? கேட்டால் பதில் தயார். போன மாதம் ஜலதோஷம். அதற்கு முன் பல்வலி. அதற்கும் முன், "எல்லாரும் போட்டு முடிக்கட்டும், நான் கடைசியா போட்டுக்கறேன்" என்ற தியாகம். முதல் ஊசியின்போது ஊசியைக் கண்டதுமே மயங்கிச் சரிந்தது கூடவே வசிக்கும் அவருடைய அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு நெஞ்சு பலவீனம். போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் ஆக்சிஜன் குழாயோடு படுக்க வைத்துவிட்டது. "இந்தக் குளிருக்கு முன்னாடி பூஸ்டர் போட்டுடுங்க, கூட இருக்கறவங்களும் போட்டுக்கணும்" என்றார் டாக்டர். முதல் பாதி கைகாட்டியின் காதில் கணீரென்று விழுந்தது.

கிளினிக்கில் அன்று ஒரு சிக்கல். ஒரு குப்பி மருந்து பத்துப் பேருக்கு. திறந்தால் அன்றே தீர்க்கவேண்டும். பெஞ்சில் அக்காவோடு சேர்த்து ஒன்பது பேர்.

"இன்னும் ஒருத்தர் வந்தாத்தான் திறப்பேன்" என்றார் நர்ஸ். "இல்லன்னா அடுத்த மாசம்தான்."

அடுத்த மாசம் குளிர் வந்துவிடும். அக்கா இருமினாள்.

"இரு, ஒருத்தரைப் பிடிச்சிட்டு வரேன்" என்று தெருவுக்குப் பாய்ந்தார் கைகாட்டி. வாசல் காவலாளி சிரித்தார். "நான் அப்பவே போட்டாச்சு. நீங்கதானே சார் இழுத்துட்டு வந்தீங்க!" சலூன்காரரும் போட்டாயிற்று. பழக்கடை அம்மாளோ, "எனக்கு ஆச்சு, எங்க வீட்டுக்காரருக்கு ஆச்சு, எங்க நாய்க்குக்கூட ஆச்சு. உங்களுக்கு?" என்றாள்.

இப்படியும் ஒரு சோதனை உண்டா? உபதேசம் பலித்துத் தொலைத்துவிட்டது. தெருவில் ஊசி படாத கை ஒன்றுகூட மிச்சமில்லை.

திரும்பி வந்தவரை அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "தெருவுல என்னடா தேடற? தோள்ல தொங்குறது கையா, கரண்டியா?"

"அக்கா, காலையிலேர்ந்து லேசா தலை…"

"எம் பக்கத்துல உக்காந்து தும்முறவன் நீ ஒருத்தன்தான். போன தடவை காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தது யாரு? உக்காரு."

உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடினார். "ஐயோ!" என்ற அலறல் வராந்தா வரை கேட்டது.

"சார், இன்னும் பஞ்சுதான் வெச்சிருக்கேன்" என்றார் நர்ஸ்.

குப்பி திறந்தது, அக்காவுக்கு ஊசி கிடைத்தது. வீடு திரும்புவதற்குள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் செய்தி: "இன்று ஒன்பது பேர் ஏமாந்து திரும்ப இருந்தார்கள். தக்க நேரத்தில் தலையிட்டேன். எறும்புக் கடி!"

சிரிக்கிறீர்கள். மைத்துனர் ஞாபகம் வருகிறது, மேலதிகாரி ஞாபகம் வருகிறது, இதை யாருக்கு முதலில் அனுப்பலாம் என்று விரல் துடிக்கிறது. தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி.

உங்களுக்கு இப்போது ஜலதோஷமா, பல்வலியா?