யப்பான் கோயிலில் கழற்றிய சட்டை

வெட்கப்படுகிற ஆளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்; 'மற்றவரைப் பார்த்துச் செய்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தானாக ஒன்றைச் செய்யத் துணிவில்லாதவன் அதை உயிரைக் கொடுத்துச் செய்வான். என் மகள் மதுரா என்னிடம் அதைத்தான் சொன்னாள்.

அவள் விரும்பிய பையன் கென்ஜி, டுசல்டோர்ஃபில் வளர்ந்த யப்பான்காரன். தகப்பனுக்குச் சம்மதம், தாய்க்குத்தான் தயக்கம். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாராம். பார்ப்பதற்கு அவர்கள் தேர்ந்த இடம் அங்குள்ள யப்பான் கோயில். தோட்டம், மணிக்கூண்டு, சின்னச் சின்னச் சன்னிதிகள் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுச் சாப்பாடு.

நானோ எசனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது (நான் அதை விடவில்லை என்று இன்றும் சாதிப்பேன்). ஜேர்மன் மொழியில் எனக்கு நம்பிக்கையான சொல் ஒன்றுதான்: 'யா'. விளங்கினாலும் விளங்காவிட்டாலும் அதுவே பதில்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அப்பா," என்றாள் மதுரா காரில். "கென்ஜியின்ரை அப்பா செய்யிறதைப் பாத்து அப்பிடியே செய்யுங்கோ. காணும்."

வாசலிலேயே தொடங்கியது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட கென்ஜியின் தகப்பன் குனிந்தார். நானும் குனிந்தேன். நிமிர்ந்தால் அவர் இன்னும் குனிந்திருந்தார். உடனே மறுபடி குனிந்தேன். அவர் நிமிர்ந்து, என்னைக் கண்டு பதறி, மறுபடி குனிந்தார். பிள்ளைகள் வந்துதான் எங்களை விலக்கிவிட்டார்கள்.

மற்றவர்கள் குளத்து மீன்களைப் பார்த்துக்கொண்டு நிற்க, நாங்கள் இருவரும் முன்னே போனோம். படியில் அவர் சப்பாத்தைக் கழற்றினார். நானும் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஊதுபத்தி வாசம் வந்தது. எங்கோ மணி ஒலித்தது.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைகள்தான். கெல்சென்கிர்ச்சன் பக்கத்தில் நாங்கள் போகும் கோயில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் இருக்கிறது. மார்கழிக் குளிரிலும் ஆண்கள் மேல்சட்டையோடு உள்ளே போக ஏலாது. சப்பாத்து, வாசம், மணி, சட்டை என்று பழகிப்போன கைகள். கடற்கரையில்கூட மேல் பொத்தானைத் திறக்காத எனக்குக் கோயிலில் மட்டும் அது வெட்கமாகவே தோன்றுவதில்லை. கோட்டு, கழுத்தில் கட்டிய ரை, மதுரா வாங்கித் தந்த புதுச்சட்டை, எல்லாம் கழன்றன. சட்டையை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு பக்தியோடு திரும்பினேன்.

சம்பந்தியாக வேண்டியவர் என் முகத்தைப் பார்த்தார். தொப்பையைப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு தன்னுடைய ரையைத் தளர்த்தத் தொடங்கினார்.

அவரே கழற்றுகிறார் என்றால் நான் செய்தது சரிதான் என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. அவருடைய சட்டையை இடுப்பில் கட்டிவிட்டதும் நான்தான்.

அப்போது, கோயில் பார்க்க வந்த உயரமான ஜேர்மன்காரர் ஒருவர் படியேறி வந்தார். கழற்றி வைத்த சப்பாத்துகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என்னிடம் ஏதோ கேட்டார். நான் "யா" என்றேன். இந்த நாட்டில் விதி என்றால் விதி. மனிதர் கம்பளிச் சட்டையைத் தலைவழியாக உருவி, அழகாக மடித்து வைத்தார்.

மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது நாங்கள் மூவரும் வெறும் மேலோடு வரிசையாக நின்றோம். எதிரே, உள்ளேயிருந்து வந்த துறவி. எங்கள் ஐயர் மேலில் துணி போடாதவர். இவர் கழுத்துவரை மூடியிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துறவி எங்களைப் பார்த்துக் குனிந்தார். மூவரும் குனிந்தோம்.

"அப்பா," என்றாள் மதுரா. "சேட்டு."

கென்ஜியின் தாய் முகத்தைப் பொத்திக்கொண்டு தோட்டப் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. ஒரு தாயை அழவைத்து, என் பிள்ளையின் கல்யாணத்தையும் என் கையாலேயே குழப்பிவிட்டேன். அவசரத்தில் பொத்தான்களை மாறிப் பூட்டி, சாப்பாட்டு மேசையில் கடைசிவரை அந்தக் கோணல் சட்டையோடு இருந்தேன். எல்லோரும் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"நீச்சலுக்கு வாங்கோ எண்டால் வெக்கம் எண்டுற மனுசன்," என்றாள் என் மனைவி சறோ, திரும்பி வரும்போது கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "யப்பான்காரருக்கு எண்டால் காட்டுவார்."

வேறு ஏதாவது நாட்டுக்கு அகதியாகப் போய்விடலாமா என்று யோசித்தேன் (ஏற்கெனவே பழகிய வேலைதானே).

பின்னேரம் கென்ஜி தொலைபேசியில் அழைத்தான். மதுரா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"அப்பா, கென்ஜியும் தகப்பனுக்கு அதைத்தான் சொல்லி வைச்சவனாம். 'அவர் செய்யிறதைப் பாத்துச் செய்யுங்கோ' எண்டு."

"தாய்?" என்றேன்.

"அவா அழேல்லை, சிரிச்சவா. இன்னும் நிப்பாட்டேல்லையாம். வெய்யிலுக்கும் ரை கழட்டாத மனுசனை நீங்கள் கழட்ட வைச்சிட்டீங்களாம். ஓமெண்டு சொல்லிட்டா."

அதோடு என் மானம் நிரந்தரமாகப் போனது. இப்போது எங்கே புறப்பட்டாலும், பல் வைத்தியரிடம் போனாலும், வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "சேட்டோடையோ, சேட்டில்லாமலோ?" அந்த யப்பான் கோயில் வாசலில் ஒரு பலகை வேறு வந்திருக்கிறதாம், சப்பாத்தை மட்டும் கழற்றவும் என்று. 'மட்டும்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு.

கல்யாணம் எங்கள் கோயிலில் நடந்தது. இனி ஆயுளுக்கும் இந்தத் தவறு கிடையாது என்று கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்த சம்பந்தியும் தன் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். வாசலில் ஐயர் எங்களை மறித்தார்.

"அண்ணை, சேட்டைக் கழட்டிப்போட்டெல்லோ உள்ளுக்கை வரோணும்."

சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் சம்பந்தியைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தபடியே, அவருடைய கை முதல் பொத்தானில் காத்திருந்தது.